மலிவு விலை ரிவால்வர் தேடுகிறவர்களுக்கு: என் அலைச்சல்

லைசென்ஸ் எடுத்த கதையை இங்கே நீட்டப் போவதில்லை. விண்ணப்பம், போலீஸ் விசாரணை, பயிற்சிச் சான்று, கலெக்டர் உத்தரவு என எல்லாம் மெதுவாக, ஆனால் ஒழுங்காக நடந்தது. மாங்காய் சீசனில் போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் பக்கம் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பணம் பட்டுவாடா செய்கிறவன் நான். தற்காப்புக்கு .32 ரகத் தோட்டா போடும் ஒரு ரிவால்வர், அவ்வளவுதான் தேவை. படாத பாடு பட்டது வாங்கும்போதுதான்.

கான்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்த புது ரிவால்வர் என் கணக்குக்குக் கொஞ்சம் மேலே போனது. அந்த நேரத்தில் வெளியூர்க் கடைக்காரர் ஒருவர் போன் செய்து, "பழைய இங்கிலாந்து பீஸ் ஒண்ணு இருக்கு சார், பாதி விலைக்கு முடிச்சுத் தர்றேன்" என்றார். 2019 சட்டத் திருத்தம் ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால், மூன்றாவதை விற்றுவிட நினைத்தவர்கள் உண்டு. அதனால் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

பட்டாளத்தில் ஆயுதப் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் பர்கூரில் இருக்கிறார். அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். நான் செய்த நல்ல காரியம் அதுதான். தோட்டா எதுவும் இல்லை என்று முதலில் உறுதி செய்துகொண்டார். பிறகு துப்பாக்கியின் பின்பக்கம் தோட்டாவை அடிக்கும் சுத்தியலை மெல்லப் பின்னால் இழுத்து, தோட்டா போடும் ஆறு அறைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். சுத்தியல் முழுதாக ஏறும்போது அந்த அறைகள் உள்ள சுழலும் சிலிண்டர் பூட்டிக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். இதில் இரண்டு அறைகள் பூட்டாமலே நின்றன. அந்த நிலையில் சுட்டால் அறையும் பேரலும் (குழல்) நேர்கோட்டில் இருக்காது. ஈயம் சிதறிச் சுடுகிறவர் கையிலேயே படலாம். "சிலிண்டரைச் சுத்துற நகம் தேஞ்சிருக்கு மாப்பிள்ளை. இதுக்குப் புது நகம் எங்க வாங்குவீங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. தனிநபர்கள் வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்வது 1980களின் நடுவிலேயே நின்றுவிட்டது. இப்படிப் பழையதாகக் கைமாறுபவை பெரும்பாலும் அதற்கு முன் வந்தவை. ஒரு ஸ்பிரிங் உடைந்தால்கூட இன்னொரு பழைய துப்பாக்கியிலிருந்து கழற்றித்தான் போட வேண்டும். கடைக்காரரோ, "ஓசூர்ல எந்த லேத்துலயும் அடிச்சுக் கொடுப்பாங்க சார்" என்றார். இதைக் கேட்டதும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஓசூர் லேத் பட்டறைகளால் எதையும் செய்ய முடியும்தான். ஆனால் உரிமம் இல்லாமல் துப்பாக்கியைப் பழுது பார்ப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். பாவம், அந்தப் பட்டறைக்காரரும் சேர்ந்து கம்பி எண்ண வேண்டியதுதான்.

அதோடு முடியவில்லை. கலெக்டர் ஆபீஸில் வேறு வேலையாகப் போனபோது கடைக்காரர் அனுப்பிய காகிதங்களைக் காட்டினேன். ஒரு எழுத்தர் முகத்தைக்கூட நிமிர்த்தாமல் அடுத்த செக்ஷனுக்குத் தள்ளினார். அங்கிருந்து திரும்ப இவரிடமே அனுப்பினார்கள். கடைசியில் விஷயம் தெரிந்த ஒருவர் சொன்னார்: அந்தத் துப்பாக்கி கடையின் சரக்கே இல்லை, ஒரு தனிநபருடையது. தனிநபர் விற்பதென்றால் மாவட்ட ஆட்சியருக்கோ போலீஸ் ஸ்டேஷனுக்கோ எழுத்து மூலம் தெரிவித்து, குறைந்தது 45 நாள் கழிந்திருக்க வேண்டும். அந்தக் கடிதமே போகவில்லை. முன்பணம் கேட்டு நச்சரித்த கடைக்காரர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை! நல்லவேளை, நான் பணம் அனுப்பியிருக்கவில்லை.

அப்புறம் சீசன் முடியும்வரை பொறுத்து, பணம் சேர்த்துப் புதிதாகவே வாங்கினேன். தொழிற்சாலை இன்னும் இயங்குகிறது, உதிரி பாகம் கேட்க ஒரு முகவரி இருக்கிறது. கூடக் கொடுத்த பணம் இதற்காகத்தான், அதில் எனக்கு வருத்தமே இல்லை. சுடும்போது விரலால் இழுக்கும் குதிரையின் (ட்ரிக்கர்) இழுவை கொஞ்சம் கனம், கை பழகிவிட்டது.

வாங்கப் போகிறவர்கள் லைசென்ஸில் ரிவால்வர் என்று இருக்கிறதா, பிஸ்டல் என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டையும் .32 என்றுதான் சொல்வார்கள், தோட்டா வேறு வேறு. ரிவால்வர் தோட்டா நீளமானது, பிஸ்டல் தோட்டா குட்டை. மாற்றிப் போடக் கூடாது. பில்லில் உள்ள சீரியல் எண்ணையும் துப்பாக்கியில் உள்ள எண்ணையும் கடையிலேயே ஒப்பிடுங்கள், ஒரு இலக்கம் தவறினாலும் லைசென்ஸில் பதிய மாட்டார்கள். தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். வாரக்கணக்கில் அங்கேயே கிடக்கும். பேரலுக்குள்ளும் வெளியேயும் எண்ணெய் பூசிக் கொடுங்கள், சீரியல் எண் எழுதிய ரசீதை வாங்காமல் வெளியே வராதீர்கள்.