மலையிலிருந்து இறங்கிய இரவு

வீடு வந்து இரண்டு மணி நேரம் ஆகிறது. கண்ணை மூடினால் இன்னும் கொண்டை ஊசி வளைவுகள்தான் வருகின்றன.

பதினோரு நாள் மலைப்பாதை. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறேழு டிகிரி குறையும் என்று படித்திருக்கிறேன். காலையில் வியர்வையோடு கிளம்பி, மதியம் ஸ்வெட்டரைத் தேடியபோதுதான் அது உடம்புக்குப் புரிந்தது.

இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். கியரைக் குறைத்து, என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி விட வேண்டும். மூன்றாம் நாள் நான் அதை மறந்தேன். கருகிய வாடை வந்தது. ஓரங்கட்டி முக்கால் மணி நேரம் ஆறவிட்டோம். அப்போதுதான் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வந்து, எங்களைத் தொட்டு, சாலையைக் கடந்து போனது. யாரும் பேசவில்லை. இந்தப் பயணத்தில் எனக்கு மிகப் பிடித்த நேரம் அதுதான்.

அப்புறம், ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிடுவது மலைச்சாலையின் மரியாதை. குறுகலான திருப்பங்களில் எனக்காக ஒதுங்கி நின்ற, முகம் தெரியாத ஓட்டுநர்கள் அத்தனை பேருக்கும் நன்றி.

சமவெளிக்கு வரும்போது அடைத்திருந்த காது சட்டென்று திறந்தது. சத்தமெல்லாம் திரும்பி வந்தது.

வண்டியை இன்னும் கழுவவில்லை. சக்கரத்தில் ஒட்டிய மலைச்சேறு இரண்டு நாள் இருக்கட்டும்.