முதலில் வந்தது பழைய குழம்பு

ஓர் எரிமலையிலிருந்து ஒரு வகை லாவாதான் வரும் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். ஹவாய்த் தீவின் கிலாவேயா எரிமலை 2018-ஆம் ஆண்டு கக்கிய லாவாவைப் பற்றி வாசித்த பிறகுதான் அந்த எண்ணம் கலைந்தது.

அவ்வாண்டு ஏப்ரல் 30 அன்று, 1983 முதல் லாவாவை வெளியிட்டுவந்த புஉ ஓஓ கூம்பின் தளம் இடிந்து உள்ளே விழுந்தது. அதன் அடியிலிருந்த மாக்மா, அதாவது இன்னும் வெளியே வராத பாறைக் குழம்பு, எரிமலையின் கிழக்குப் பக்கமாக நீளும் விரிசல் பகுதியான கிழக்குப் பிளவு மண்டலத்தின் வழியே நிலத்தடியில் நகர்ந்தது. மே 3 அன்று லெய்லானி எஸ்டேட்ஸ் என்ற குடியிருப்பில் நிலம் பிளந்து லாவா பீறிட்டது. நகர்ந்து வந்த மாக்மாதான் வெளிவந்தது என்று நினைப்போம். ஆனால் முதல் இரு வாரங்களில் வந்த லாவா சுமார் 1,100 பாகை செல்சியஸ் வெப்பமே உடையதாய், மக்னீசியம் குறைந்து, பிசுபிசுத்து இருந்தது. அதன் வேதிச் சேர்க்கை, அதே பகுதியில் 1955-இல் வெளிவந்த லாவாவை ஒத்திருந்தது. பழைய வெடிப்புகளின்போது மேலே வராமல் பிளவு மண்டலத்திலேயே தங்கிவிட்ட மாக்மாவை, புதிதாக வந்த மாக்மா முன்னே தள்ளி வெளியேற்றியிருந்தது.

தங்கியிருப்பதால் மாக்மா எப்படி மாறுகிறது? பனங்கற்கண்டு காய்ச்சுகிறவர்களுக்கு இதன் அடிப்படை தெரியும்: பாகினை அசையாமல் நெடுநாள் வைத்தால் கற்கண்டு ஒருபுறம் படிகமாகக் கட்டிக்கொள்ள, மிஞ்சும் பாகின் சேர்க்கை முதலில் ஊற்றிய பாகின் சேர்க்கையாக இருப்பதில்லை. மாக்மா குளிரும்போது ஹவாயில் பெரும்பாலும் முதலில் உருவாகும் படிகம் ஆலிவின் என்ற பச்சைக் கனிமம். அதில் மக்னீசியம் மிகுதி, மணலின் முதன்மைப் பொருளான சிலிக்காவோ சுமார் 40 சதவீதம்தான். கனமான அப்படிகங்கள் அடியில் படியப் படிய, மிஞ்சும் குழம்பில் மக்னீசியம் குறைகிறது. பிறகு பைராக்சீன், பிளாஜியோகிளேஸ் என்ற கனிமங்களும் சேர்ந்து படிகமாகின்றன. இன்னும் குளிர்ந்து இரும்பு, டைட்டானியம் ஆக்சைடுகளும் பிரிந்துபோன பின்னர் சிலிக்கா வேகமாக உயர்கிறது. சிலிக்கா கூடக் கூடக் குழம்பு இறுகுகிறது. படிகங்களில் இடம்பெறாத நீரும் எஞ்சிய குழம்பிலேயே செறிகிறது.

இம்மாற்றத்தின் உச்சத்தை மே 13 அன்று திறந்த 17-ஆம் பிளவில் காணலாம். சிலிக்கா குறைந்த பசால்ட் என்ற லாவாவுக்கே பெயர்பெற்ற கிலாவேயாவில் அங்கே அதைவிடச் சிலிக்கா மிகுந்த ஆண்டிசைட் வெளிவந்தது. எளிதில் வழிந்தோடாமல், வெடித்து லாவாத் துண்டுகளைத் தூக்கி எறிந்தது. இதற்கு ஒரு முன்னறிகுறி இருந்தது என்பதே எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 2005-இல் அதே வட்டாரத்தில் புவிவெப்ப மின்நிலையத்துக்காகக் கிணறு தோண்டியபோது, ஏறத்தாழ 2.5 கிலோமீட்டர் ஆழத்தில் துளைக்கருவி, ஆண்டிசைட்டைவிடவும் சிலிக்கா மிகுந்த டேசைட் என்ற பாறையின் உருகிய குழம்பைத் தொட்டது. அதன் சிலிக்கா 67 சதவீதம். சாதாரண கிலாவேயா பசால்ட்டில் அது சுமார் 50 சதவீதமே.

வெடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே ஹிலோவிலுள்ள ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் மாதிரிகளைப் பகுத்தாய்ந்ததால், லாவா மாறிவருவது உடனுக்குடன் தெரிந்தது. லாவா சட்டென உறைந்து உண்டாகும் கண்ணாடியில் மக்னீசியம் ஆக்சைடு 1 சதவீதம் கூடினால், குழம்பின் வெப்பம் சுமார் 20 பாகை கூடுதல் என்று கொள்ளலாம். 1959-இல் கிலாவேயா இக்கி குழியில் தேங்கிய லாவா ஏரியைத் துளையிட்டு எடுத்த மாதிரிகளிலிருந்து பெற்ற அளவுகோல் அது. ஒரு கண்ணாடிச் சில்லே வெப்பமானியாகிறது என்பதை வாசித்தபோது சிறிது நேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

மே மாதப் பிற்பகுதியில் பழைய இருப்பு தீர்ந்து, புதிய மாக்மாவின் முறை வந்தது. சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள எரிமலை உச்சியின் அடியிலிருந்து வந்த அது, 8-ஆம் பிளவின் வழியே ஏறத்தாழ 1,140 பாகை வெப்பத்துடன் ஆறாக ஓடியது. உச்சியில் தாங்குவதற்கு மாக்மா இல்லாமற்போகவே, எரிமலைவாயின் தளம் கோடை முழுதும் 62 முறை இடிந்து இடிந்து, சில இடங்களில் 500 மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. முதலில் வந்த பழைய லாவா பெரும்பாலும் பிளவுகளின் அருகிலேயே குவிந்து நின்றுவிட, இந்த இளகிய லாவா ஜூன் தொடக்கத்தில் கடலை எட்டி, கபோஹோ விரிகுடாவை முழுவதுமாக நிரப்பிவிட்டது.