அம்மா பார்த்த அருந்ததி

பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போகலாம் என்று எங்கள் ஊர் சிலிம் ரிவரில் யார் கேட்டாலும், கோலாலம்பூர் தேசியக் கோளரங்கத்தைத்தான் சொல்வேன். போன மே மாதக் கடைசியில் அம்மா, வீட்டுக்காரர், பிள்ளைகள் என்று எல்லாரும் போய்வந்தோம். தஞ்சோங் மாலிம்வரை கார், அங்கிருந்து கொமுட்டர் ரயில். அரங்கம் குன்றின்மேல் இருக்கிறது. அம்மாவுக்கு மூட்டுவலி என்பதால் கேஎல் சென்ட்ரலிலிருந்து கிராப் வாடகைக் கார் பிடித்துக்கொண்டோம். 1994-இல் திறந்த கட்டடம். நீலக் குவிமாடத்தைப் பார்த்ததும் சின்னவள் மசூதியா என்று கேட்டாள்.

உள்ளே எதிரில் திரையே கிடையாது. தலைக்கு மேல் கவிழ்த்துவைத்த சட்டி மாதிரி வெள்ளைக் கூரை, அதுதான் திரை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொள்ள வேண்டும்.

படத்துக்கு முன்னால் அன்றிரவு வானத்தைக் காட்டினார்கள். என்னைக் கேட்டால் படங்களைவிட இதுதான் உசத்தி. விளக்கிய பெண் அம்புக்குறியைச் சப்தரிஷி மண்டலத்தின் வால்பக்கம் கொண்டுபோனார். வாலில் நடு நட்சத்திரம் வசிஷ்டர். அதை ஒட்டி மங்கலாக இன்னொன்று. "அம்மா, அதுதான் அருந்ததி" என்றேன்.

அம்மா நிமிர்ந்து பார்த்தார். "கல்யாணத்துல ஐயர் காட்டுனப்ப பட்டப்பகல்டி. தெரியுதுன்னு தலையாட்டிட்டு வந்தேன்" என்றார். விடியுமுன் தலைவிளக்கோடு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போனவர். விடிவெள்ளியைப் பார்த்தே நேரம் சொல்வார். ஆனால் அருந்ததியை அவருக்கு அடையாளம் காட்ட அதுவரை ஆளில்லை. சுமார் 80 ஒளியாண்டு தூரம் என்றதும், "அப்ப நம்ம வீட்டுலருந்தும் தெரியுமா?" என்றுதான் கேட்டார். தெரியும், மே, ஜூன் மாதங்களில் இருட்டியதும் வடக்கே பார்த்தால் போதும்.

துருவ நட்சத்திரம்தான் நமக்குச் சிரமம். ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ, அடிவானத்திலிருந்து அத்தனை பாகை உயரத்தில்தான் அது நிற்கும். சிலிம் ரிவரில் கிட்டத்தட்ட 4 பாகை. ஒரு செம்பனை மரம் போதும், மறைந்துவிடும்.

அப்புறம் படம். முதலாவது அனைத்துலக விண்வெளி நிலையத்தைப் பற்றியது. அது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. 2007 அக்டோபரில் நம் நாட்டு விண்வெளி வீரர் ஷேக் முஸாபர் போய்த் தங்கியது அங்கேதான். நிலையம் அப்படியே திரும்பும்போது பெரியவன் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். பார்வையின் ஓரம்வரை படம் நிறைந்திருப்பதால் நாமே நகர்வதாகக் கண் சொல்கிறது. அசைவை உணரும் உள்காதோ, நாம் அசையவில்லை என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் தலை சுற்றுகிறது. கொஞ்சம் கண்ணை மூடினால் சரியாகிவிடும். முன்வரிசையை விட்டுப் பின்வரிசையில் நடுவாக உட்காருங்கள், கழுத்தும் வலிக்காது.

இரண்டாவது படம் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியைப் பற்றியது. 6.5 மீட்டர் கண்ணாடியை மடித்து 2021 டிசம்பர் 25 அன்று ஏவி, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் நிறுத்தியிருக்கிறார்கள். அந்தக் கண்ணாடி இதழ் இதழாக விரிந்தபோது சின்னவள் கை தட்டினாள், பின்னாலிருந்தவர்களும் சேர்ந்து தட்டினார்கள்.

ஊர் திரும்பியதும் அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அடுத்த விடுமுறைக்கு அவர்களும் வருகிறார்கள். கார் பத்தாது, வேன் பேசியிருக்கிறோம்.