ஆற்றுக்கு அடியில் ஒரு முட்டு

ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவைப் போன மாதம் இங்கிலாந்தின் ஷ்ரோப்ஷயரில் இருக்கும் அயர்ன்பிரிட்ஜுக்குக் கூட்டிப் போனேன். பாலத்தின் பேரே ஊருக்கும் பேர். செவர்ன் ஆற்றின் குறுக்கே 1779-ல் எழுப்பிய பாலம், உலகில் வார்ப்பிரும்பால் கட்டிய முதல் பெரிய பாலம் இதுதான். அப்பா நாற்பது வருஷம் தச்சு வேலை பார்த்தவர். கரையில் இறங்கி அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது மரவேலைடா, இரும்புல பண்ணியிருக்கான்" என்றார்.

உண்மைதான். இவ்வளவு பெரிய இரும்புப் பாலத்துக்கு அப்போது முன்மாதிரி கிடையாது, அதனால் துளையில் கழுந்தை, அதாவது செதுக்கிய முனையை, இறக்குவது, ஆப்படித்து இறுக்குவது என்று தச்சர்களின் மூட்டுகளையே இரும்பிலும் போட்டுவிட்டார்கள். அப்பா ஒவ்வொரு மூட்டாகக் காட்டிக்கொண்டே வந்தார், எனக்கு அரை நாள் போனதே தெரியவில்லை.

1795 வெள்ளத்தில் செவர்னின் மற்ற பாலங்கள் அடிபட்டபோதும் இது தாங்கியது. தொல்லை கொடுத்தது கரைதான். இருபுறமும் மலைச்சரிவு, மண் மெல்ல மெல்ல ஆற்றை நோக்கி நகர்கிறது, கூடவே பாலத்தின் இரு முனைகளையும் தாங்கும் கல்கட்டுகள் இரண்டையும் உள்ளே தள்ளுகிறது, நடுவில் மாட்டிய இரும்பு வளைவு மேலே எக்குகிறது. 1934-லேயே வண்டிகளை நிறுத்திவிட்டார்கள், ஆனால் மண் நிற்குமா? 1970-களில் ஆற்றின் படுகைக்கு அடியில், ஒரு கல்கட்டிலிருந்து மறு கல்கட்டு வரை, கம்பி கட்டிய கான்கிரீட்டைப் போட்டு இரண்டையும் விலக்கிப் பிடித்தார்கள். பழைய இரும்பை ஒளிக்காமல், மறைக்காமல் பாலத்தைக் காப்பாற்றிய அந்த யோசனையை நினைத்தால் இன்னும் எனக்குச் சிலிர்க்கிறது.

அப்புறம் 2017-18-ல் பழைய சின்னங்களைப் பராமரிக்கும் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பு 36 லட்சம் பவுண்டில் வளைவு, தளத் தகடுகள், ஆப்புகள் வரை பழுது பார்த்தது. பழைய பூச்சை ஆராய்ந்தபோது, எல்லோரும் பார்த்துப் பழகிய சாம்பல் நிறத்துக்கு அடியில் அடர் செம்பழுப்பு தெரிந்தது, அதையே திரும்ப அடித்தார்கள். முதலில் கண்ணை உறுத்தியது, சரி, அதுதான் அதன் சொந்த நிறம் என்று இப்போது பிடித்துவிட்டது.

கான்கிரீட் விஷயத்தைச் சொன்னதும் அப்பா, "முட்டுக் கொடுத்திருக்கான்" என்று ஒரே வார்த்தையில் முடித்தார். அது கண்ணில் படுகிறதா என்று கைப்பிடியில் சாய்ந்து வெகுநேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழை பெய்து கலங்கிய ஆறு, ஒன்றும் தெரியவில்லை.