சாய்ந்துபோகும் பெருக்கமரங்கள்
இலங்கையின் மன்னார் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தை, அதாவது பாவோபாப் மரத்தை, தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? பட்டை யானைத்தோல் மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். அதன் பூர்வீகம் ஆப்பிரிக்கப் புல்வெளி. அங்கே மழை பெய்யும்போது அடிமரம் தண்ணீரைக் குடித்துச் சற்றுப் பருக்கும், அப்புறம் வறண்ட மாதங்களில் இலையையெல்லாம் உதிர்த்துவிட்டு, பட்டைக்கு அடியில் இருக்கும் மெல்லிய பச்சைப் படலத்தால் கொஞ்சம் உணவு தயாரித்துக்கொண்டு அடுத்த மழைவரை சமாளிக்கும்.

இப்படி ஆயிரம், இரண்டாயிரம் வருஷம் தாக்குப்பிடித்தவை இப்போது விழுகின்றன. போட்ஸ்வானாவில் சாப்மன் மரம் என்று பெயர்பெற்ற பெருக்கமரம் 2016 ஜனவரியில் சாய்ந்தது. ஆப்பிரிக்காவின் மிக மூத்த 13 பெருக்கமரங்களில் 9, 2005க்குப் பிறகு முழுசாகவோ பாதியாகவோ செத்துவிட்டதாக 2018இல் ஓர் ஆய்வு வந்தது. ஏறும் வெப்பமும் வறட்சியும் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். படித்ததிலிருந்து மனசே சரியில்லை.