மாப்பிள்ளை கொண்டுவந்த டிஸ்க்

எங்கள் பெரியப்பாவுக்கு ஈரோட்டில் மஞ்சள் மண்டி. 1995 வாக்கில் அங்கே கணக்கு எழுத ஒரு 486 கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. விரலி எத்தனை மூட்டை, கிழங்கு எத்தனை மூட்டை, யாரிடம் எவ்வளவு பாக்கி எல்லாமே டாஸ் என்கிற, கட்டளையை அடித்து ஓட்டும் பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஓடும் ஒரு ஃபாக்ஸ்ப்ரோ புரோகிராமில். பெரியப்பாவுக்கு அதன்மேல் பாதி நம்பிக்கைதான். மீதிப் பாதிக்காகக் கணக்குப்பிள்ளை பேரேட்டிலும் எழுதிக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் மாப்பிள்ளை வந்தார். பெரியப்பா மகளின் வீட்டுக்காரர், திருப்பூரில் பனியன் கம்பெனி ஆபீசில் வேலை. "இன்னும் பழைய டாஸையா வெச்சிருக்கீங்க மாமா?" என்று கேட்டவர், டாஸ் 6.0-வை ஏற்றிவிட்டு, அரிசியும் பருப்பும் சாதத்தை நெய்யோடு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். பில்லெல்லாம் படக் படக்கென்று வந்தது. பெரியம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்புறம் கணக்கு காணாமல் போக ஆரம்பித்தது. பகலெல்லாம் அடித்தது பத்திரமாக இருக்கும். சாயங்காலம் கடைசியாக அடித்த நாலைந்து வரவு மட்டும் மறுநாள் காலையில் இருக்காது. மாப்பிள்ளையைக் கேட்க முடியுமா? எங்கள் பக்கம் அது நடக்காத காரியம். ஆகவே கணக்குப்பிள்ளை திட்டு வாங்கினார். "நானு அடிச்சேனுங், என்ற கண்ணு முன்னால இருந்துச்சுங்" என்று அவர் சத்தியம் செய்யாத குறை. கம்ப்யூட்டருக்குத் திருஷ்டி என்று முடிவாகி, பெட்டிமேல் எலுமிச்சம்பழம் ஏறியது. மஞ்சள் பூசுவதற்கு அங்கே என்ன பஞ்சமா!

எனக்கு ஆள் அனுப்பினார்கள். போய் மண்டி அடைக்கும் வரை உட்கார்ந்து பார்த்தேன். கணக்குப்பிள்ளை கடைசி வரவை அடித்தார், புரோகிராமை விட்டு வெளியே வந்தார், அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும் சி பிராம்ப்ட் வந்தது. அவர் கீபோர்டிலிருந்து கையை எடுப்பதற்குள் பெரியப்பா மெயின் சுவிட்சைத் தட்டிவிட்டார்.

"என்னங்க பெரியப்பா அதுக்குள்ள?"

"வேலை முடிஞ்சுதல்லோ? கரண்டு சும்மாவா வருது?"

விஷயம் இதுதான். டாஸ் 6.0-வை ஏற்றும்போதே ஸ்மார்ட்டிரைவ் என்கிற கேஷ் புரோகிராம், கம்ப்யூட்டர் கிளம்பும்போதெல்லாம் ஓடுகிற ஆட்டோஎக்ஸெக் பைலில் தானாக உட்கார்ந்துகொள்ளும். டிஸ்கில் அடிக்கடி படிப்பதை மெமரியில் வைத்துக்கொள்வதால்தான் அந்த வேகம். படிப்பதோடு விட்டால் தேவலை. டிஸ்கில் எழுத வேண்டியதையும் முதலில் மெமரியில் வாங்கி வைத்துக்கொண்டு, "எழுதியாச்சு" என்று ஃபாக்ஸ்ப்ரோவுக்குச் சொல்லிவிடும். நிஜமாக டிஸ்கில் இறங்க 5 வினாடி வரை ஆகலாம். கன்ட்ரோல் ஆல்ட் டெலீட் அடித்தால்கூட மெமரியில் இருப்பதை எழுதிவிட்டுத்தான் மறுபடி கிளம்பும். மெயின் சுவிட்சுக்கு அது என்ன செய்யும்? பெரியப்பாவின் கை 5 வினாடியெல்லாம் காத்திருக்கிற கை இல்லை.

டிஸ்கைச் சோதிக்கிற செக்டிஸ்க் கட்டளையை, கண்ட பிழையைச் சரிசெய்யச் சொல்லும் /எஃப் போட்டு ஓட்டினேன். எந்த பைலுக்கும் சொந்தமில்லாமல் கிடந்த துண்டுகளெல்லாம் ஃபைல்0000.சிஹெச்கே, ஃபைல்0001.சிஹெச்கே என்று வரிசையாக வந்து நின்றன. ஒன்றைத் திறந்தால், குப்பை எழுத்துகளுக்கு நடுவே கொடுமுடி விவசாயி ஒருவரின் பெயரும் மூட்டைக் கணக்கும். கணக்குப்பிள்ளை அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே! மண்டியிலிருந்த லோடுமேன்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

வைத்தியம் சின்னதுதான். ஸ்மார்ட்டிரைவ் வரியில் கூட்டல், கழித்தல் குறி எதுவும் இல்லாமல் சி, டி என்று எழுத்தை மட்டும் போட்டால், படிப்பதற்கு மட்டும் கேஷ் இருக்கும். எழுதுவது நேராக டிஸ்குக்குப் போய்விடும். 1993 நவம்பரில் வந்த 6.2-வில் எழுதுகிற கேஷை அவர்களே முதலிலிருந்தே அணைத்து வைத்துவிட்டார்கள். எங்கள் பெரியப்பா மாதிரி ஊருக்கு நாலு பேர் இருந்திருப்பார்கள் போல.

கொஞ்ச நாள் நிம்மதி. அதற்குள் மாப்பிள்ளை இரண்டாவது ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் கையோடு கொண்டுவந்து மாட்டிவிட்டார், 420 எம்பி. மறுநாள் டி டிரைவ் துடைத்து வைத்த மாதிரி காலி. கணக்கெல்லாம் அங்கேதான் இருந்தது. பக்கத்துக் கடைக்குச் சர்வீஸுக்கு வந்த ஒருவர் எட்டிப் பார்த்து, "ஃபார்மேட் பண்ணிரலாமுங்க" என்றாராம். நல்லவேளை, பெரியப்பா அவருக்கு டீ மட்டும் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

கணக்கு எங்கேயும் போகவில்லை, ஈ டிரைவில் இருந்தது. டாஸ் எழுத்து கொடுக்கிற முறை அப்படி. ஒரு டிஸ்கைப் பல துண்டாகப் பிரிக்கலாம், அதுதான் பார்ட்டிஷன். முதலில் ஒவ்வொரு டிஸ்கிலும் இருக்கிற பிரைமரி, அதாவது முதன்மைப் பார்ட்டிஷனுக்கு எழுத்து. அது முடிந்த பிறகுதான் எக்ஸ்டெண்டட் என்கிற இன்னொரு வகைப் பார்ட்டிஷனுக்குள் இருக்கும் லாஜிக்கல் டிரைவ்களுக்கு. பழைய டி ஒரு லாஜிக்கல். புது டிஸ்கில் மாப்பிள்ளை போட்டது பிரைமரி.

இதைப் பெரியப்பாவுக்கு எப்படிச் சொல்வது? "பந்தியில வீட்டு ஆளுகளுக்கு முன்னாடி மாப்பிள்ளையை உட்கார வெக்கறோமுங்கல்ல, அதேதானுங்" என்றேன். உடனே புரிந்துவிட்டது. முகம் கொஞ்சம் இறுகியது.

புது டிஸ்கில் பிரைமரியை அழித்துவிட்டு எக்ஸ்டெண்டட் மட்டும் போட்டால் அது பழைய டி-க்குப் பின்னால் போய் நிற்கும். டிஸ்கைப் பிரிக்கிற எஃப்டிஸ்க் புரோகிராமைத் திறந்தேன். அதில் ஐந்தாவது தேர்வைப் போட்டு இரண்டாவது டிஸ்குக்கு மாறிக்கொள்ள வேண்டும். மறந்தால் அழிவது முதல் டிஸ்க். மாறிக்கொண்டுதான் அழிக்கப் போனேன். ஆனால் டேட்டா போய்விடும் என்ற எச்சரிக்கை திரையில் மினுக் மினுக்கென்று வந்ததும் பெரியப்பா எழுந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "கண்ணு, எது போகும்?" காலி டிஸ்க்தான் என்று காட்டி, கையை விடுவிப்பதற்குள் ஒரு டீ ஆறிப்போனது.

புதுசை ஒரே துண்டாக வைத்தால் ஒரே ஒரு வரி இருக்கிற பைல்கூட 8 கேபி இடம் பிடிக்கும், இரண்டாக்கினால் 4 கேபி போதும் என்றேன். வியாபாரி ஆயிற்றே, "அப்ப ரெண்டாவே போடு" என்றார். ஈ, எஃப் என்று இரண்டு வந்தன. ஈ-யில் பழைய வருஷக் கணக்குக்குக் காப்பி. எஃப் எதற்கு என்று கேட்டேன்.

"அது மாப்பிள்ளைக்கு. அவரு வந்தா அதுல என்ன வேணா பண்ணிக்கட்டும். என்ற டி பக்கம் மட்டும் வர வேண்டாம்னு நீ பக்குவமா சொல்லிரு, நான் சொன்னேன்னு சொல்லாத."