கரிமூட்டமும் குவார்ட்ஸ் குழாயும்

மே 4, கோட்டையூர்

சீமைக்கருவேலச் சிராயை மைக்ரோவேவில் சூடாக்கிக் கரி, எண்ணெய், வாயு மூன்றையும் பிடிக்கப்போகிறேன் என்று பெரியப்பாவிடம் சொன்னேன். தேவகோட்டைப் பக்கம் முப்பது வருடமாகக் கரிமூட்டம் போடுகிறவர்; விறகை அடுக்கி, மண் பூசி மூடி, உள்ளே புகையவிட்டுக் கரியாக்குவார். "நெருப்பில்லாமல் கரியா?" என்று கேட்டுவிட்டு மண் பூசப் போய்விட்டார்.

மே 5

முதல் ஓட்டம். நன்கு காய்ந்த சிராய் 100 கிராம். குவார்ட்ஸ் குழாய்க்குள் நைட்ரஜன்; காற்று புகுந்தால் சாம்பல்தான் மிஞ்சும். அலைவரிசை 2.45 கிகாஹெர்ட்ஸ், வீட்டு மைக்ரோவேவ் அடுப்பில் உள்ளதேதான். இருபது நிமிடம் ஓடியும் 150 டிகிரியைத் தொடவில்லை. ஈரமரம் என்றால் தண்ணீர் அலையை வாங்கிக்கொள்ளும். காய்ந்த மரத்துக்கு அலை ஒரு பொருட்டே இல்லை, ஊடுருவிப் போய்விடுகிறது. படித்ததுதான், இருந்தாலும் எரிச்சலாக வந்தது.

மே 6

பெரியப்பாவின் கரியில் 10 கிராம் பொடித்துக் கலந்தேன். கரி அலையை அள்ளி உறிஞ்சும். ஆறாவது நிமிடம் 400 டிகிரி! பக்கத்து மரமும் கரியாக ஆக, அதுவும் உறிஞ்சத் தொடங்குகிறது. சூடு கையை மீறி ஓடுகிறது. மின்சாரத்தைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. குளிர்கலனில் பழுப்பு எண்ணெய் சொட்டியது.

பெரியப்பாவிடம் போனில் சொன்னேன். "கரி செய்யக் கரி வேண்டுமென்றால் அந்தப் பெட்டி எதற்கு?"

மூட்டம் நாள்கணக்கில் வானத்துக்கு விடுகிற புகையில்தான் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் மீத்தேனும் தாரும் இருக்கின்றன, அதைப் பிடிக்கத்தான் என்றேன். "ம்" என்றார்.

மே 9

புதிதாக வெட்டிய விறகு வந்தது, பத்துக்கு நாலு பங்கு தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க 2,260 கிலோஜூல். அலையை உண்டாக்கும் மாக்னட்ரான் குழாய் தன் மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் அலையாக்குகிறது. ஆக, லிட்டருக்கு ஒரு யூனிட் காலி. மே மாத வெயில் சும்மா கிடக்கும்போது யாராவது அதைச் செய்வார்களா? வீட்டுக்கார ஆச்சியின் முற்றத்தில் சிராயைப் பரப்பினேன்.

"வற்றல் போடுகிற இடத்தில் விறகா தம்பி?"

"நாலு நாள்தான் ஆச்சி."

மே 12

வாயுக் குழாயைத் தார் அடைத்துவிட்டது. அரை நாள் அசிட்டோன் நாற்றம்.

மே 13

கணக்கைத் தள்ளிப்போட முடியவில்லை. இன்றைய ஓட்டத்துக்கு மீட்டர் 0.45 யூனிட் காட்டியது. 100 கிராம் மரத்தில் மொத்தமே அரை யூனிட் அளவு வெப்பம்தான் இருக்கிறது. அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்ததென்றால், உலையில் அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு வெப்பம் எரிந்திருக்கும். இப்போதைக்கு நான் நஷ்டத்தில் எரிசக்தி தயாரிக்கிறேன். இத்தனை சின்னக் குழாயில் வெப்பம் பெரும்பாலும் சுவர் வழியே ஓடுகிறது. ஒரு கிலோ கொள்ளும் கலனும் கனமான காப்பும் வேண்டும். பெரியப்பாவுக்கு இந்த எண்ணை இன்னும் சொல்லவில்லை.

ஆச்சி நாளை வற்றலுக்குக் கூழ் காய்ச்சுகிறார்களாம். சாயங்காலம் சிராயையெல்லாம் மாடிக்குத் தூக்கினேன்.